சிசிலித் தீவில் ஏழு நாட்கள்

விவேக் நகர்வாசிகளுக்கு வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு நகரின் எல்லாத் திக்குகளிலிருந்தும் வரும் கூட்டத்தில் அன்றைக்கு ஆட்டோ நுழையவும் இடம் இராது. மெழுகுவத்தி வாங்கி வரிசையில் நிற்பவர்களில் நெற்றியில் விபூதியும் குங்குமமும் இட்டவர்கள் நிறையவே உண்டு. என் மனைவியும் அவர்களில் ஒருவர். இந்த வழக்கம் நம் பேட்டைக்கு மட்டுமே உரியது என்று நாற்பது ஆண்டுகளாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் உள்ள ஒரு தீவில், ஒரு மலைக்குகையின் வாசலில் அந்த எண்ணம் போயிற்று.

2024 அக்டோபரில் நாங்கள் சிசிலித் தீவுக்குச் சென்று வந்ததைப் பற்றி எழுதித் தரும்படி சங்க நண்பர்கள் சிலர் கேட்டார்கள். எங்கே தங்கலாம், சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு என்ன கிடைக்கும், எதைப் பார்க்கலாம், கையைக் கடிக்குமா என்பவைதான் அவர்களுடைய கேள்விகள். அவற்றைச் சொல்கிறேன். அவர்கள் கேட்காத ஒன்றும் கூடவே வரும்; பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஒரே மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதம் அவளோடு தங்கியிருக்கச் சென்றிருந்தோம். "வீட்டுக்குள்ளயே இருந்தா உங்களுக்குப் பொழுது போகாதுப்பா. குளிர் வேற ஆரம்பிச்சிடுச்சி. ஒரு வாரம் லீவு போடறேன், தெற்கே கடல் பக்கமா போயிட்டு வரலாம்" என்றாள். தீவைத் தேர்ந்தெடுத்ததும், விமானச் சீட்டு வாங்கியதும், வீடு பிடித்ததும் அவளே. எங்கள் வேலை உடன் போவது மட்டும்.

இந்த உல்லாசப் பயணத்துக்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருந்தது. ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கப் போவதாக அவள் தொலைபேசியில் சொல்லி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதற்கு அவளுடைய பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். அது விவேக் நகர் வீட்டில், இரும்பு பீரோவின் லாக்கரில், என் பென்ஷன் காகிதங்களோடு இருக்கிறது. வரும்போது எடுத்து வரச் சொல்லியிருந்தாள். நான் எடுத்துச் செல்லவில்லை. "மறந்துட்டேம்மா" என்று விமான நிலையத்திலேயே சொல்லிவிட்டேன். மறக்கவில்லை என்பது என் மனைவிக்குத் தெரியும். நம் நாட்டுச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்புவதில்லை. அங்கே கையெழுத்திட்டால் இங்கே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பெற்ற பெண் நம் நாட்டுக்கு அந்நியப் பிரஜையாக வந்து போவாள் என்பதை என் மனம் ஏற்கவில்லை.

இனி தீவுக்கு வருவோம்.

மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளில் சிசிலிதான் பெரியது. பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. முக்கோண வடிவம். கொடியிலேயே மூன்று கால்கள் சுழல்வதுபோல ஒரு சின்னம் உண்டு. கிரேக்கர், கார்த்தேஜியர், ரோமானியர், பைசாந்தியர், அராபியர், நார்மானியர், ஸ்பானியர் என்று கடலில் கப்பல் ஓட்டிய எல்லோரும் ஒரு கை பார்த்துவிட்டுப் போன தீவு. "மாஃபியா ஊருக்கா போறீங்க?" என்று என்னிடம் பலர் கேட்டார்கள். பலெர்மோ விமான நிலையத்தில் இறங்கியதுமே அதற்குப் பதில் இருக்கிறது. மாஃபியா கும்பலை எதிர்த்து வழக்கு நடத்தி 1992இல் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட ஃபால்கோனே, போர்செல்லினோ என்னும் இரு நீதிபதிகளின் பெயர்களைத்தான் அந்த நிலையத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். ஏழு நாட்களில் எங்களுக்கு ஏற்பட்ட ஒரே நஷ்டம், கடற்கரைப் பக்கம் விலைப்பட்டியலைப் பார்க்காமல் உட்கார்ந்த ஓர் உணவு விடுதியில்தான்.

இங்கிருந்து செல்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எங்களுக்கு ஜெர்மன் விசா. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. வேலூர் வெயிலில் வளர்ந்தவன் என்ற தைரியம் எனக்கு உண்டு; ஆனால் அந்த மாதங்களில் வாடகையும் ஏறிவிடும், ஆகஸ்ட் 15ஐ ஒட்டிக் கடைக்காரர்கள் கடையைப் பூட்டிக்கொண்டு அவர்களே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பர், அக்டோபர் உத்தமம். நாங்கள் சென்றபோது பகலில் நம் டிசம்பர் மாதத்துப் பெங்களூர் போல இதமாக இருந்தது. மகள் கடலில் குளித்தாள். நாங்கள் காலை நனைத்தோம்.

தங்குமிடம்

ஏழு நாளும் பலெர்மோவிலேயே தங்கினோம். தீவை ஒரு வாரத்தில் சுற்றிவிடுகிறேன் என்று தினம் ஓர் ஊரில் பெட்டியைத் திறந்து மூடினால் பேருந்துச் சன்னலைத்தான் அதிகம் பார்க்க நேரிடும். எட்னா எரிமலை தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. 3,300 மீட்டருக்கும் மேல் உயரம், இன்னும் புகைகிறது. நாங்கள் போகவில்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

ஓட்டலைவிடச் சமையலறையுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதே நம்மவர்களுக்கு ஏற்றது. இரண்டு அறை, அடுப்பு, பாத்திரம், சலவை இயந்திரம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எங்களுக்கு 90 யூரோ ஆயிற்று. அப்போது ஒரு யூரோ ஏறத்தாழ 90 ரூபாய். இதைத் தவிர ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு சிறு தொகை நகர வரியாகக் கட்ட வேண்டும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது லிஃப்ட் உண்டா என்பதை. பழைய நகரக் கட்டடங்கள் இருநூறு, முந்நூறு ஆண்டு பழமையானவை. எங்கள் வீடு நான்காவது மாடி, கல் படிக்கட்டு, லிஃப்ட் இல்லை. மகள் கேட்கவில்லை, என் மனைவியின் முழங்கால் அதை ஏழு நாளும் நினைவுபடுத்தியது. காரை வாடகைக்கு எடுப்பவர்கள் பழைய நகரத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்து அபராதம் வீட்டுக்கே வந்து சேரும். எங்களுக்குக் காரே தேவைப்படவில்லை. ரயிலும் பேருந்தும் போதுமானவை, நேரத்துக்கு வரும் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

பலெர்மோவில் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது நார்மானியர் அரண்மனைக்குள் உள்ள பலத்தீன் சிற்றாலயம். இரண்டாம் ரோஜர் என்ற மன்னர் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. சுவர் முழுவதும் பைசாந்தியக் கலைஞர்கள் பதித்த தங்க மொசைக். தலையைத் தூக்கினால், கூரை அராபிய பாணியில் தேன்கூடு போல மரத்தில் செதுக்கப்பட்டது. அதில் வாத்தியம் வாசிப்பவர்களும் ஒட்டகங்களும் சித்திரங்களாக இருக்கிறார்கள். ஒரு கிறிஸ்தவ அரசர் தம் சொந்தக் கோயிலின் கூரையை அராபிய முறையில் அமைத்துக்கொண்டார். அதே மன்னர் 1142இல் ஒரு நீர்க்கடிகாரம் வைத்து, அதைப் பற்றி லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழிகளில் கல்வெட்டு பொறித்திருக்கிறார். இன்றைக்கும் பழைய நகரின் யூதர் குடியிருந்த பகுதியில் தெருப் பெயர்ப் பலகைகள் இத்தாலியம், ஹீப்ரு, அரபு ஆகிய மூன்று எழுத்துகளிலும் இருக்கின்றன. பெயர்ப் பலகையில் எந்த மொழி மேலே, எது கீழே என்பதற்கு நம் ஊரில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறோம்! நான் அந்தப் பலகையின் கீழ் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

நகரிலிருந்து பேருந்தில் மலையேறினால் மொன்ரியாலே. 1174 வாக்கில் தொடங்கிய பேராலயம் அது. பைபிள் கதை முழுவதையும் தங்கப் பின்னணியில் மொசைக்காகவே சொல்லியிருக்கிறார்கள். நோவாவின் கப்பலிலிருந்து மிருகங்கள் இறங்கும் காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். பக்கத்தில் 228 தூண்கள் கொண்ட பிராகாரம் உண்டு. ஒரு தூணைப்போல இன்னொன்று இல்லை. நம் கோயில் தூண்களைப் பார்த்த கண்ணுக்கும் அது விருந்துதான்.

சாப்பாடு

இனி நண்பர்கள் அதிகம் கேட்ட விஷயம். பலெர்மோவின் தெருப் பலகாரங்களில் முதலிடம் 'பனெல்லே'வுக்கு. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்துக் கிளறி, மெல்லிய வில்லையாக்கி, எண்ணெயில் பொரித்து, எள் தூவிய ரொட்டிக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். வாயில் வைத்ததும் என் மனைவி சொன்னது: "வெங்காயம் இல்லாத பஜ்ஜி." விலை மூன்று யூரோ, வயிறு நிறைந்துவிடும். ஏழு நாளில் குறைந்தது ஒன்பது தடவை அதைத்தான் சாப்பிட்டோம். உருளைக்கிழங்கில் புதினா சேர்த்த உருண்டையும் அதே கடையில் கிடைக்கும்.

'அரஞ்சினா' என்பது சோற்றை உருட்டிப் பொரித்த பெரிய உருண்டை. இதில் எச்சரிக்கை தேவை. ஒன்றில் கொத்துக்கறி. "வெண்ணெய் போட்டது" என்று சொல்லித் தரும் மற்றொன்றிலும் பன்றி இறைச்சித் துண்டு இருப்பது வழக்கம். பசலைக் கீரை வைத்தது கிடைத்தால் வாங்கலாம். 'ஸ்ஃபின்சோனே' என்னும் தடித்த ரொட்டியின் மேலே தக்காளி, வெங்காயம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்; உள்ளே நெத்திலி போன்ற மீன் கரைந்திருக்கும். "கார்னே இல்லை, பெஷே இல்லை" (கறி வேண்டாம், மீன் வேண்டாம்) என்பதை இத்தாலிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கத்தரிக்காய்ப் பிரியர்களுக்கு இந்தத் தீவு சொர்க்கம். 'கப்போனாத்தா' என்பது கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கி, வினிகரும் சர்க்கரையும் சேர்த்து, ஆலிவ் காய் போட்டுச் செய்யும் தொக்கு. புளிப்பும் இனிப்புமாக நம் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை. கத்தரிக்காய் ஆசியாவிலிருந்து அராபியர் கைமாறி அங்கே போன காய். எலுமிச்சை, நெல், கரும்பு ஆகியவையும் அவர்கள் கொண்டு சேர்த்தவையே. வேடிக்கை என்னவென்றால் சப்பாத்திக்கள்ளிப் பழத்துக்கு அங்கே 'இந்திய அத்தி' என்று பெயர். அது அமெரிக்காவிலிருந்து போனது. பழி நம் மேல்! சந்தையில் தோலுரித்துத் தட்டில் வைத்து விற்கிறார்கள். எங்கள் ஊர் வேலியோரத்தில் ஆடு மேய்ப்பவர்கள் பறித்துத் தின்னும் பழத்துக்கு ஒரு யூரோ கொடுத்ததை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

காலையில் வாதுமைப் பாலில் செய்த 'கிரானித்தா'வைப் பன் ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ஐஸைக் காலைச் சிற்றுண்டியாகச் சாப்பிடுவதா என்று தயங்கிய நான் மூன்றாம் நாள் முதல் அதற்கு அடிமை. காப்பியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. உணவு விடுதியில் உட்கார்ந்த குற்றத்துக்கு ஆளுக்கு இரண்டு, மூன்று யூரோ தனியாகப் பில்லில் வரும். அது மோசடியல்ல, வழக்கம். மதியம் மூடிவிட்டு இரவு ஏழரைக்குப் பிறகே அடுப்பு மூட்டுவார்கள். அதற்குள் பசித்தால் வீட்டுச் சமையலறைதான் துணை. பெங்களூரிலிருந்து கொண்டுபோன ரசப்பொடி மியூனிக் வழியாகச் சிசிலி வந்து மணத்தது.

பல்லாரோ சந்தையில்

அந்த ரசத்துக்குத் தக்காளி வாங்கத்தான் மூன்றாம் நாள் பல்லாரோ சந்தைக்குப் போனோம். நம் சிவாஜி நகர் ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒரு சந்துக்குள் நீட்டி வைத்தது போன்ற இடம். கூவி விற்கும் ராகம்கூட அதேதான். என் மனைவி கத்தரிக்காய்க் குவியலில் கை வைத்ததும், பின்னாலிருந்து ஒரு குரல்: "அக்கா, அதை எடுக்காதேங்கோ, முத்தல். இந்தப் பக்கம் எடுங்கோ."

திரும்பினால் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மையார். ஸ்வெட்டர், கையில் காய்கறிப் பை, நெற்றியில் சின்னப் பொட்டு. யாழ்ப்பாணப் பக்கம். 1992இல் வந்தவர். பலெர்மோவில் ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்தே குடியேறி வாழ்கிறார்கள் என்பதும், பெரும்பாலும் வீட்டு வேலையிலும் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் இருக்கிறார்கள் என்பதும் எங்களுக்கு அதுவரை தெரியாது. நாங்கள் ஊர் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும் அவர் சிரித்தார். "முப்பத்திரண்டு வருசமா இஞ்ச இருக்கிறன். நீங்கள் மூண்டு நாளில பாத்த இடமெல்லாம் நான் இன்னும் பாக்கேல்லை" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் கையில் இருந்த நகர வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைக்க வேண்டும் போலிருந்தது.

"ஞாயிறு காலமை மலைக்கு வாங்கோ. ரொசாலியா அம்மாட்ட. எங்கட ஆக்கள் வருவினம்."

நகரின் வடக்கே கடலை ஒட்டி நிற்கிறது பெல்லெக்ரீனோ மலை. சுமார் 600 மீட்டர் உயரம். ஜெர்மானியக் கவிஞர் கதே 1787இல் வந்து பார்த்துப் புகழ்ந்த மலை. 12ஆம் நூற்றாண்டில் ரொசாலியா என்ற பெருங்குடிப் பெண் எல்லாவற்றையும் துறந்து அங்கே ஒரு குகையில் தவம் இருந்ததாக வரலாறு. 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் அந்தக் குகையில் கண்டெடுக்கப்பட்டன. ஊர்வலமாக எடுத்து வந்ததும் நோய் நீங்கியது என்பது பலெர்மோ மக்களின் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஜூலை 14 இரவு பெரிய தேர்த் திருவிழா. 2024இல் நடந்தது 400ஆவது. நாங்கள் போனபோது அதன் அலங்காரத் தட்டிகள் சில இன்னும் தெருவில் தொங்கின.

பேருந்திலும் போகலாம், மனைவியும் நானும் பேருந்தில் போனோம். ஆனால் பழைய கல் பாவிய நடைபாதை ஒன்று வளைந்து வளைந்து ஏறுகிறது. மேலே நின்று பார்த்தபோது அதில் நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்தார்கள். சிலர் வெறுங்காலோடு. பழனிப் படியில் நிற்கிறோமோ என்று ஒரு கணம் தோன்றியது. எங்கள் மகள் அந்த அம்மையாரோடு கீழிருந்தே நடந்து வந்தாள். ஒன்றரை மணி நேரம். அதில் என்ன பேசினார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோயில் என்பது குகைதான். முன்பக்கம் மட்டும் கட்டடம். உள்ளே பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து ஒதுக்கத் தலைக்கு மேல் தகரக் கால்வாய்கள் வளைந்து ஓடுகின்றன. கண்ணாடிக்குள் பொன் ஆடை போர்த்துப் படுத்திருக்கும் புனிதையின் உருவம். என் மனைவி புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, நம் விவேக் நகரில் நிற்பது போலவே மெழுகுவத்தியோடு நின்றார். பக்கத்தில் நின்ற இளம்பெண் விபூதி இட்டிருந்தாள்.

"நான் சைவம்தான் ஐயா" என்றார் அம்மையார், வெளியே திண்ணையில் உட்கார்ந்தபோது. "வீட்டில பிள்ளையாரும் முருகனும் இருக்கினம். வந்த புதுசில இஞ்ச ஒருத்தரையும் தெரியாது, பாஷை தெரியாது. மலையில ஒரு அம்மன் இருக்கிறா எண்டு சொல்லிச்சினம். ஏறினனாங்கள்."

அவர் ரோமாபுரியிலிருந்து ரயிலில் வந்தவர். இத்தாலியின் கால் நுனியில் கடல் குறுக்கிடும். அங்கே ரயிலையே துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலுக்குள் ஏற்றி, மறுகரையில் மெசினாவில் இறக்குகிறார்கள். இன்றைக்கும் அப்படித்தான். "ரயில் கப்பலுக்குள்ள போகேக்க எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. எங்கட அப்பா தனுஷ்கோடிக் கதை சொல்லுறவர். தலைமன்னாரில கப்பல் ஏறினா அங்கால ரயில் நிக்கும் எண்டு. மெட்ராஸ் போய்ப் படம் பாத்திட்டு வந்தவராம். இதைக் கேட்டா என்ன சொல்லுவார் எண்டு நினைச்சன்." 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு நின்று போன வழி அது. என் தகப்பனாரும் அந்தப் போட் மெயிலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வளர்ந்த இருவர் சிசிலி மலையில் சந்திப்போம் என்று யார் கண்டது?

பிள்ளைகள் எங்கே என்று என் மனைவி கேட்டார். இருவர். பலெர்மோவில் பிறந்து, இத்தாலியப் பாஸ்போர்ட் வாங்கி, இப்போது இலண்டனில். அவர் மட்டும் இங்கே, தொண்ணூற்றொரு வயதான ஓர் இத்தாலியக் கிழவியைப் பார்த்துக்கொண்டு. 'நோனா' என்கிறார் அந்தக் கிழவியை. பாட்டி என்று பொருள். "அவவை விட்டுட்டு நான் இலண்டன் போக ஏலாது. என்னைவிட அவவுக்கு ஆர் இருக்கினம்?"

பிறகு, யாரும் கேட்காமலே, என்னைப் பார்த்துச் சொன்னார். மகள் வழியில் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

"அப்பா செத்தது 1996இல ஐயா. என்னட்ட ஒழுங்கான காகிதம் இல்லை. போனா திரும்பி வர ஏலாது. நோனா வீட்டு அடுப்படியில இருந்து அழுதனான். அம்மா செத்தது 2015இல. அப்ப இத்தாலிப் பாஸ்போட் கையில. அண்டைக்கே பிளேன் ஏறினன். அம்மாவை எடுக்கிறதுக்கு முதல் போய்ச் சேந்திட்டன்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. 1991 டிசம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, விவேக் நகர் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்த இரவுகள். குடியாத்தத்திலிருந்து என் தகப்பனார் ஆள் அனுப்பினார்: வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடு என்று. "இதுதான் என் ஊர், நான் வரமாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். கலவரம் ஓய்ந்த பிறகு எதிர்வீட்டுக் கன்னடத்துப் பெரியவர் வந்து எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனார். அதற்கு இரண்டாண்டு கழித்துப் பிறந்தவள்தான் இவள். தகப்பனாரின் முகம் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்ற முப்பத்து மூன்று ஆண்டு ஆகியிருக்கிறது.

மீதி நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஒரு மணி தூரத்தில் செஃபாலு. பெரிய பாறைக்குக் கீழே சின்ன ஊர். 1131இல் தொடங்கிய பேராலயம், அதை அடுத்து மணல் கடற்கரை. காலையில் போய் மாலையில் திரும்பலாம். குழந்தைகளோடு செல்பவர்கள் ஒரு நாளை முழுக்க இதற்கே கொடுக்கலாம். தெற்கே இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் அக்ரிஜெந்தோ. அங்கே கிரேக்கர் கட்டிய கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொங்கோர்தியா கோயில் ஏறத்தாழ முழுசாகவே இருக்கிறது. பிற்காலத்தில் அதைக் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றியதால்தான் பிழைத்தது என்கிறார்கள். நிழல் குறைவு, தொப்பி, தண்ணீர் இல்லாமல் போகக் கூடாது. "இவ்ளோ பெரிய கோயில், ஒரு விளக்கு இல்லியே" என்று என் மனைவி அங்கலாய்த்தார். வாதுமை மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம்.

கடைசி இரவு அந்த அம்மையாரை நான்காவது மாடி வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தோம். நோனாவைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பது மணிக்கு வந்தார். அந்த ஊரில் அதுதான் சாப்பாட்டு வேளை. ரசம், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தார். "சொதி வச்சுத் தர நேரமில்லாமப் போச்சு" என்று வருத்தப்பட்டுக்கொண்டு, மிளகாய்த்தூள் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். அது அவர் கையால் வறுத்து அரைத்தது.

அவரை வழியனுப்பிவிட்டுப் படியேறும்போது மகளிடம் சொன்னேன்: "அந்த சர்ட்டிபிகேட்டை நான் மறக்கலம்மா."

"தெரியும்ப்பா" என்றாள். "அம்மா அன்னைக்கே சொல்லிட்டாங்க. நீங்களா சொல்றீங்களான்னுதான் பாத்தேன்."

இந்தியக் குடியுரிமையைத் துறப்பவர்களுக்கு வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை என்று ஒன்று கொடுக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் வந்து போகலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. அவற்றையெல்லாம் அவள் முன்பே படித்து வைத்திருந்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபடி எனக்கு விளக்கினாள்.

ஊர் திரும்பிய அடுத்த வியாழக்கிழமை பீரோவைத் திறந்தேன். மாநகராட்சி கொடுத்த சான்றிதழ். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில் கொஞ்சம் கிழிசல். கூரியர் கடைக்குப் போகும் வழியெல்லாம் ஆலயத்துக் கூட்டம். என் மனைவி வழக்கமாக ஒரு மெழுகுவத்தி வாங்குபவர், அன்றைக்கு இரண்டு வாங்கினார். ஒன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை; மலையில் நின்ற அம்மையாரின் நோனாவுக்காக என்று அவரே சொன்னார்.

ஆறு நாள் கழித்து மியூனிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. "வந்து சேந்துடுச்சிப்பா."

"கிழிஞ்சிருக்குன்னு லேமினேஷன் பண்ணிடாதே. அப்புறம் ஒரு ஆபீஸ்லயும் ஒத்துக்க மாட்டாங்க" என்றேன்.